பூஜ்யம் போட்ட பலகை

படிப்பகப் பிள்ளைகளோடு சேர்ந்து காலனித் தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சைத் தொங்கவிட்டோம். அதன் வயர் ராஸ்பெரி பை 4 பலகையில் ஜிபிஐஓ 17ஆம் பின்னுக்குப் போகிறது. தண்ணீர் ஏறினால் 1, இல்லையென்றால் 0. ஊருக்குள் தினமும் வரும் தண்ணீர் எங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று மனுவில் கணக்கோடு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் ஒருநாள் பலகையை அப்டேட் செய்தோம். அதன்பிறகு ஒன்பது நாளும் 0. அதையும் மனுவில் சேர்த்துவிட்டோம். தட்டச்சு செய்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண், "அக்கா, செவ்வாக்கிழமை நான் குடம் புடிச்சேனே" என்றாள்.

எலி வயரைக் கடித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். பின்சிடிஆர்எல் கட்டளையில் கேட்டுப் பார்த்தால், மிதவையைத் தூக்கும்போதெல்லாம் 17 ஒழுங்காக மாறியது. வயரும் பின்னும் சரி. மாறியது எண். கர்னல் 6.6 வந்ததும் பழைய சிஸ்எஃப்எஸ் வழியில் இந்தப் பலகையின் எண்கள் 512இலிருந்து தொடங்குகின்றன. 17 என்பது அங்கே 529. அந்த வழியைக் கைவிடச் சொல்லி வருடங்களாகிவிட்டன. எங்கிருந்தோ எடுத்த பழைய நிரலை நாங்கள்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஜிபிஐஓஜீரோவுக்கு மாற்றினோம், அதில் 17 என்றால் 17தான்.

ஆனால் 0 எழுதியது கர்னல் இல்லை. 'படிக்க முடியாவிட்டால் 0 போடு' என்று எழுதி வைத்தவர்கள் நாங்கள். அப்படியே மனு போயிருந்தால், அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டியே மாதம் முழுவதும் பொய் என்றிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் 'தெரியாது' என்று விழுகிறது. ஒன்பது வரிகளையும் அடித்தோம். பெண்கள் வீட்டுக் காலண்டரில் சுழித்து வைத்திருந்த தேதிகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தோம்.