நோயின் வேர்

வயலில் களையெடுக்கும் உழவர் கோரையின் தாளை மட்டும் அறுத்துவிட்டுக் கரையேறுவதில்லை. மண்ணுக்குள் கிழங்கு எஞ்சி நிற்குமாயின், சின்னாளில் கோரை மீண்டும் தலையெடுக்கும் என்பதை அவர் அறிவார். மருத்துவ அறிஞர்களும் இத்தகைய களை ஒன்றுடன் நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். அதுவே பெருங்குடற் புற்றுநோய். கட்டியை அறுத்து நீக்குகின்றனர், மருந்தும் செலுத்துகின்றனர். நோயாளி நலம்பெற்று இல்லம் திரும்புகிறார். ஆயினும், சிலருக்குச் சில ஆண்டுகளில் நோய் கல்லீரலிலோ நுரையீரலிலோ மீண்டும் முளைக்கிறது. அறுக்கப்பட்டது தாள் என்றால், கிழங்கு எங்கே இருந்தது?

இதற்கு விடைகாண, நலமான குடலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பெருங்குடலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில உயிரணுக்கள் நிலையாகத் தங்கி, இடையறாது புதிய அணுக்களை ஈன்றவண்ணம் இருக்கின்றன. பிறந்த அணுக்கள் மேல்நோக்கி நகர்ந்து, தம் கடமையை ஆற்றி, ஏறத்தாழ ஐந்து நாள்களில் உதிர்ந்துவிடுகின்றன. ஈன்ற அணுக்களோ அடியிலேயே நிலைத்திருக்கின்றன. வாழைக் குருத்தினைப் போலப் புதியன தோன்றுதற்கு இடமாகிய இவற்றைக் குருத்தணுக்கள் என்பர். 2007ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், புரதம் ஒன்று இவ்வணுக்களுக்கு அடையாளமாய் அமைந்திருப்பதைக் கண்டனர். 2009இல் அவர்கள் எலிகளின் குடலில், அணுப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றைச் செயலிழக்கச் செய்தனர். குருத்தணுவில் அது செயலிழந்தபோது கட்டி வளர்ந்தது. உதிரும் அணுவில் செயலிழந்தபோது வளர்ச்சி பெரும்பாலும் தடைப்பட்டு நின்றது. உதிர்வதில் நேர்ந்த பிழை உதிர்ந்துபோகும். நிலைப்பதில் நேர்ந்த பிழை நிலைத்துவிடும்.

கட்டிக்குள்ளும் இத்தகைய அணுக்கள் உண்டோ? அதே 2007இல், கனடாவின் டொராண்டோ நகரில் ஜான் டிக் குழுவினரும், இத்தாலியில் ருக்கெரோ டி மரியா குழுவினரும் தனித்தனியே இதற்கு விடை கூறினர். நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்களை அவர்கள் எலிகளின் உடலில் செலுத்தினர். டொராண்டோ ஆய்வில், ஏறத்தாழ 57,000 அணுக்களுக்கு ஒன்றே புதிய கட்டியைத் தோற்றுவிக்க வல்லதாயிருந்தது. ஏனையவை தாள், அவ்வொன்றே கிழங்கு. விரைந்து பெருகும் அணுக்களைக் கொல்லும் மருந்துகளுக்கு, மெல்லப் பெருகும் இத்தகைய அணுக்கள் தப்பிவிடுதல் கூடும்.

கிழங்கை மட்டும் அழித்துவிட்டால் நோய் ஒழியாதோ? 2017இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அறிஞர்கள் இதனைச் சோதித்தனர். எலிகளின் உடலில் வளர்ந்த கட்டிகளில், அடையாளப் புரதம் உடைய குருத்தணுக்களை மட்டும் அழித்தனர். வளர்ச்சி தளர்ந்தது. ஆனால், அழிப்பதை நிறுத்தியதும், எஞ்சிய பிற அணுக்களுள் சில தாமே குருத்தணுக்களாக மாறின; கட்டியும் மீண்டும் வளர்ந்தது! ரணகள்ளியின் இலை மண்ணில் விழுந்தால் அதுவே வேர்விட்டுச் செடியாவதைப் போன்றது இது. எனினும், அமெரிக்க ஆய்வில், கல்லீரலுக்குப் பரவிய நோய் குருத்தணுக்கள் இன்றி நிலைபெற இயலவில்லை. அறிஞர்தம் நம்பிக்கைக்கு இஃது இடமளிக்கிறது.

இந்நோய் ஒரு நாளில் தோன்றுவதன்று. பெரும்பாலும் குடற்சுவரில் சிறு முளையாய்த் தோன்றிப் புற்றாக மாறுதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடலின் உட்புறத்தைக் காட்டும் குழாய்க் கருவியால் அம்முளையைக் கண்டு, அப்போதே அகற்றிவிடலாம். மலத்தில் குருதி காணுதல், மலங்கழிக்கும் வழக்கம் மாறுதல் முதலிய குறிகளை நாணத்தால் மறைப்போர் உளர். அந்த நாணம் களைக்கு இடும் எருவாகும். இலையும் வேராக மாறவல்ல களையை, அது முளையாய் இருக்கும்போதே நீக்குதல் அறிவுடைமை. கூச்சமின்றி மருத்துவரிடம் உண்மை உரைத்தல் அதற்கு முதற்படி.