தேறிவரும் நாய்க்கு ஒரு துணை

பீடோங் பட்டணத்திலிருந்து உள்ளே பிரியும் தோட்டச் சாலைகளில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது. பொழுது விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு முன்னால் ஓடி, பாம்பையும் காட்டுப்பன்றியையும் கண்டு குரைத்தவை அவை. பிறகு ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் குடிபெயர்ந்தன. அடுக்குமாடி வீட்டுக்கு நாயைக் கொண்டுபோக முடியாதவர்களில் பலர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படி விடப்பட்ட ஒரு நாய், எலும்பும் தோலுமாய் ஏதோ ஒரு வீட்டு வாசலில் வந்து சுருண்டுகொள்வது இந்த வட்டாரத்திற்குப் புதிதல்ல. “நம்ம பாடே இழுபறியா இருக்கு, இதுக்கு வேற சோறா?” என்று வீட்டுப் பெரியவர் முணுமுணுப்பார். சற்று நேரம் கழித்துக் கஞ்சித் தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வருபவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அந்த நாய் ஏன் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கிறது? பசி ஒரு காரணம். பல நாய்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகள். பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிக்கியா எனும் நுண்ணுயிரையும் நாயின் உடலுக்குள் செலுத்திவிடுகிறது. அது வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து பெருகும். ஓரிரு வாரங்களில் காய்ச்சல் ஏறும், ஈறுகள் வெளுக்கும், தீனி இறங்காது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவதால் சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடியும்.

இந்நோய் முதன்முதலில் 1935-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களை அது தாக்கியது. பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. நல்ல தீனியும் தனி மருத்துவரும் இருந்த நாய்களே தப்பவில்லை என்றால், செம்பனைக் காட்டோரம் திரியும் நாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இது தீர்க்கக்கூடிய நோய்தான். கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார். தொடக்க நிலையில் பிடிபட்டால் ஓரிரு நாளிலேயே நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். வால் ஆடத் தொடங்கியதும் மாத்திரை நின்றுவிடுகிறது. ஏறத்தாழ நான்கு வாரம் தவறாமல் கொடுத்தால்தான் மறைந்திருக்கும் நுண்ணுயிர் ஒழியும். மாத்திரையை வெறும் வயிற்றில் திணிக்காமல் தீனியோடு கொடுப்பது நல்லது. இல்லையென்றால் குமட்டி எடுக்கும்.

தீனியிலும் கவனம் வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த வயிறு ஒரேயடியாக நிறைந்தால் உடல் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொடுக்க வேண்டும். உப்பும் காரமும் சேராத சோறும் வேகவைத்த கோழியும் போதும். மீந்த குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பது அன்பினால்தான். ஆனால் குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அது விஷம். உண்ணியைக் கொல்ல மண்ணெண்ணெய் தடவும் பழைய தோட்டத்து வைத்தியமும் அப்படித்தான். தோல் வெந்துபோவதோடு, நாய் அதை நக்கியும் விழுங்கிவிடும்.

அறிமுகமில்லாத நாயைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. அந்நாள்களில் தெருநாய் என்றாலே மக்கள் அஞ்சினார்கள். பல நாய்கள் கொல்லப்பட்டன. அந்த அச்சம் காரணமில்லாதது அன்று. நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாணவர்கள் பெரியவர் துணையின்றி இத்தகைய நாயை நெருங்கக்கூடாது. அதற்காகக் கல்லெடுத்து அடிக்கவும் கூடாது. 2017-இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு அபராதமும் சிறையும் உண்டு.

காய்ச்சல் இறங்கிய பிறகு நாய் வேறொரு நோயோடு மிஞ்சும். அதற்கு மாத்திரை இல்லை. யாராவது கையை ஓங்கினால், அது தலைமுடியை ஒதுக்கத்தான் என்றாலும், கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்ளும். தட்டில் சோறு வைத்தவர் அகன்ற பின்னரே வந்து தின்னும். இந்த அச்சத்தைப் போக்குவதில் மனிதரைவிட இன்னொரு நாய் கெட்டி. வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதுவான நாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம்.

உடனே இரண்டையும் ஒரே இடத்தில் விட்டுவிட முடியாது. உண்ணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும். பலகைச் சுவரின் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையும் இடும். எனவே வந்த நாய் தனியே இருக்க வேண்டும். வீட்டு நாய்க்கும் உண்ணி மருந்து போட வேண்டும். சில நாள்கள் வேலியின் இருபுறமும் நின்று இரண்டும் மோப்பம் பிடிக்கட்டும். பிறகு வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத சாலையில், ஆளுக்கொரு கயிறு பிடித்து அருகருகே நடத்திச் செல்லலாம். தீனித் தட்டுகள் மட்டும் தனித்தனியே இருக்கட்டும். சோற்றுக்குப் போட்டி வந்தால் எந்தச் சிநேகமும் நிற்காது.

விலங்குகளின் துணைமைக்கு இனவேறுபாடுகூடத் தடையில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள யானைகள் காப்பகத்தில் தாரா என்ற யானையும் பெல்லா என்ற தெருநாயும் இணைபிரியாதிருந்தன. ஒருமுறை பெல்லாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. அதை உள்ளே வைத்துச் சிகிச்சை அளித்த வாரங்களில், பரந்த காட்டில் விருப்பம்போல் திரியக்கூடிய தாரா வேலியோரம் வந்து காத்து நின்றது. பணியாளர்கள் பெல்லாவைத் தூக்கிவந்து அதற்குக் காட்டினார்கள்.

சென்னையில் 1959-ஆம் ஆண்டு மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி சுந்தரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி உஷாவும் விமானிதான். ஈரக் குட்டிகளைத் துடைத்துப் பாலூட்டிய அந்த வீட்டிலிருந்துதான் இந்திய நீலச் சிலுவைச் சங்கம் பிறந்தது.

பீடோங் தோட்டத்து வீட்டில் அத்தனை பெரிதாக ஒன்றும் நடக்காது. மூன்றாவது வாரம் ஒரு மாலை, வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். பழைய நாய் வழக்கம்போல் ஓடிப்போய் அவர் காலைச் சுற்றும். புதிய நாய் எட்ட நின்று அதைப் பார்க்கும். மறுநாளும் பார்க்கும். பின்பொரு நாள் பழையதன் பின்னாலேயே நாலு அடி வைத்து, தயங்கி நின்று, அவர் கையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடும். அன்றைக்கும் ஒரு மாத்திரை பாக்கியிருக்கும். சோற்று உருண்டைக்குள் அதை மறைத்து வைக்கும் வேலை அந்த வீட்டுப் பிள்ளையுடையது.