கோடுகளில் ஒரு மதுரை

மதுரைப் பிரயாணம் என்றால் நம் வீடுகளில் என்னென்ன மூட்டை கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? குழந்தைகளுக்குத் தின்பண்டம், கூஜாவில் தண்ணீர், திரும்பும்போது சுங்குடிப் புடவைகளை வைத்துக்கொள்ள ஒரு காலிப் பை! இந்தத் தடவை அவற்றோடு ஒரு பென்சிலும், கோடு போடாத ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "எங்களுக்குப் படம் போட வராதே!" என்கிறீர்களா? வராவிட்டால் பாதகமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தெற்குச் சித்திரை வீதிக்குப் போவோம். அங்கே வண்டிகளின் தொந்தரவு கிடையாது. நிதானமாக நின்று பார்க்கலாம். எதிரே தெற்குக் கோபுரம். மீனாட்சியம்மன் கோயிலின் பதினான்கு கோபுரங்களில் இதுதான் உயரமானது. ஏறக்குறைய 170 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நாம் என்ன செய்கிறோம்? ஒரு கும்பிடு, ஒரு புகைப்படம், பிறகு செருப்பை விட இடம் தேடுகிறோம். ஆக மொத்தம் இரண்டு நிமிஷம்!

இந்த ஊரில் பிறந்த ஒரு சித்திரக்காரர் இப்படிப்பட்ட கோபுரங்களை நாட்கணக்காகப் பார்த்தார். அவர் பெயர் மனோகர் தேவதாஸ். பிறந்தது 1936-இல். பிள்ளைப் பிராயம் முழுவதும் மதுரையின் தெருக்களிலும், சுற்றியுள்ள வயல் வெளிகளிலும், கிணறுகளிலும் கழிந்தது. வயிற்றுப் பாட்டுக்கு அவர் செய்தது ரசாயன நிபுணர் உத்தியோகம், அதுவும் சென்னையில். படம் போடுவது உத்தியோக நேரம் போக மிச்ச நேரத்தில்தான். ஆனால் மிச்ச நேரத்தில் செய்த காரியமே அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. 2020-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் கையாண்டது பேனாவும் கறுப்பு மையும். வர்ணம் என்றால் ஒரு தப்பின் மேல் இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். மைக் கோடு அப்படியல்ல, போட்டது போட்டதுதான். கோபுரத்தின் நிழல் விழும் பக்கம் கறுப்பாகத் தெரியவேண்டுமா? மையைக் கொட்டிப் பூசக்கூடாது. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போடவேண்டும். வெளிச்சம் படும் இடத்தில் அவற்றை விலக்கவேண்டும். எங்கே விலக்குவது என்று தெரிவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை. சுங்குடிப் புடவையை விரித்துப் பாருங்கள். அதிலே சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் துணியைத் துளித் துளியாகக் கிள்ளி, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்ப்பது பழைய முறை. சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள்! அதே பொறுமைதான் இவருடைய கோட்டிலும் இருந்தது. மதுரை மண்ணின் குணம் போலிருக்கிறது!

இவருடைய கதையில் பாதி இன்னொருவருடையது. 1963-இல் இவர் மணந்துகொண்ட மஹிமாவும் சித்திரம் எழுதத் தெரிந்தவர். 1972 டிசம்பரில் நேர்ந்த ஒரு கார் விபத்தில் மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. சமையலறையில் நமக்கு ஒரு நாள் விரல் சுட்டாலே வீடு இரண்டுபடுகிறது. இந்த அம்மையாரோ, சக்கர நாற்காலியில் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் கலகலப்பாக வாழ்ந்து காட்டினார். கணவர் புராதனக் கட்டிடங்களை வரைவார். அவற்றைப் பற்றிய வாசகத்தை மனைவி எழுதுவார். அவை வாழ்த்து அட்டைகளாக அச்சாகி விற்பனையாகும். கிடைத்த பணம் அறப்பணிகளுக்குப் போயிற்று. 2008-இல் மஹிமா காலமானார்.

சரி, இனி ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறலாம். மேலூர்ச் சாலையில் நகரத்தைத் தாண்டியதும், சமவெளியிலே ஒரு பெரிய யானை படுத்திருக்கும்! அதுதான் யானைமலை. முழுக்க ஒரே கல். அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து நரசிங்கர் குடைவரைக் கோயில். மேலே சமணர் தங்கிய குகை. தேவதாஸ் விரும்பி வரைந்த மலை இது.

இந்த விசாலத்தைப் பார்த்தபடியே இதையும் கேளுங்கள். அவருடைய விழித்திரையை ஒரு பரம்பரை நோய் மெள்ள மெள்ளத் தின்று வந்தது. இந்நோயில் முதலில் இருட்டில் கண் தெரியாமல் போகும். பிறகு பக்கங்கள் மறையும். கடைசியில், குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவருக்கு யானைமலை ஒரே பார்வையில் அகப்படுமா? தும்பிக்கையை ஒரு தரம், முதுகை ஒரு தரம் என்று துண்டு துண்டாகப் பார்த்து, மனத்துக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். சக்தி வாய்ந்த லென்ஸுகளை வைத்துக்கொண்டு அவர் கோடு போட்டார். 1997-இல் தம் மதுரைப் பிள்ளைப் பருவத்தை, 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற நாவலாக ஆங்கிலத்தில் எழுதினார். 2007-இல் மதுரைச் சித்திரங்களோடு இன்னொரு புத்தகமும் வந்தது. பின்னர் பார்வை முற்றுமே போயிற்று. 2022 டிசம்பரில் அவர் காலமானார்.

கண் போனபின் அவரிடமிருந்து மதுரை போயிற்றா? இல்லை. அத்தனை உற்றுப் பார்த்து வைத்த ஊர் எங்கே போய்விடும்?

நாம் கண்ணை வைத்துக்கொண்டே தவற விடுகிறோம். புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் கடகடவென்று ஓடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. எந்தத் தூணருகே எந்தத் தையற்காரர் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால், எத்தனை பேரால் சொல்லமுடியும்?

பென்சிலுக்கு இப்போது காரணம் புரிந்திருக்குமே! கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2018 முதல் தடை. ஆகையால் உள்ளே கண்ணாலேயே படம் பிடியுங்கள். வெளியே வந்து, எங்காவது நிழலில் உட்கார்ந்து, பொற்றாமரைக் குளத்தையோ ஒரு யாளியையோ ஞாபகத்திலிருந்து போட்டுப் பாருங்கள். யாளி பூனை மாதிரி வந்தால் குழந்தைகள் சிரிக்கட்டும். "யாளிக்குத் தும்பிக்கை இருந்ததா, இல்லையா?" என்று ஒரு சந்தேகம் வரும். உடனே எழுந்து, இன்னொரு முறை உள்ளே போவீர்கள்.

அந்த இரண்டாவது தடவைதான் மதுரையை நிஜமாகப் பார்க்கப் போகிறீர்கள்!