மலைநாட்டில் ஒரு கடல்தொட்டியும் நான்கு டியூப் லைட்டும்

புத்தி சற்று மெதுவாக வேலை செய்பவரை 'டியூப் லைட்' என்று கேலி செய்வது நம்மவர் வழக்கம். சுவிட்சைப் போட்ட பின்னர் இரண்டு மூன்று தடவை மினுக்கி, யோசித்து, அதன் பிறகே எரியும் பழைய குழல் விளக்கின் குணத்தை மனிதர்மேல் ஏற்றிச் சொன்ன கேலி அது. வழக்கொழிந்துகொண்டிருக்கும் அந்த விளக்கைப் பற்றி நான் தீவிரமாகப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், ஹட்டன் பகுதியில் ஆசிரியராக இருக்கும் என் அக்கா மகன்.

கொழும்பில் கடல்மீன் வளர்த்துவந்த ஒருவர் வெளிநாடு செல்லும்போது, தமது நான்கு அடிக் கண்ணாடித் தொட்டியையும் அதன்மேல் பொருத்தும் விளக்குச் சட்டகத்தையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான்கு மெல்லிய குழல்கள் பொருந்தக்கூடிய சட்டகம் அது. குழல்கள் மட்டும் தேய்ந்துபோனவை. "மாமா, இதற்கு என்ன டியூப் போடலாம்? முருகைக்கல் வளர்க்கப் போகிறேன்" என்று கேட்டான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, முருகைக்கல்! 'ஏனப்பா இந்த வேலை?' என்று கேட்டேன். அவனிடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லையாம். பாடப் புத்தகத்தில் முருகைக்கல் ஓர் உயிரினம் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகளோ பெயரில் கல் இருப்பதால் அதைக் கல் என்றே நினைக்கிறார்கள். அது வாய் திறந்து இரை தின்பதை அவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தக் காரணத்தை என்னால் தட்ட முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண மீன்தொட்டியில் விளக்கு என்பது நாம் மீனைப் பார்ப்பதற்காக. முருகைத் தொட்டியில் அது சாப்பாடு. முருகை உயிரியின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும் பங்கைத் தன் வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது. ஆழம் குறைந்த வெப்பக் கடல்களில் வாழும் பல முருகைகளுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைகூட இந்த வழியில் கிடைக்கலாம் என்கிறார்கள். வெளிச்சம் போதாவிட்டால் அவை மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். மீனைப் போல மிதந்து காட்டாது என்பதால், செத்தது தெரியவே பல வாரங்கள் ஆகலாம்.

அப்படியானால் சூரிய வெளிச்சத்தையே பயன்படுத்தலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். 1961ஆம் ஆண்டிலேயே அதைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்பாறைத் துண்டுகள், மெல்லிய காற்றுக் குமிழ்கள், வெயில் ஆகிய மூன்றையும் கொண்டே தொட்டியில் முருகைகளை வளர்த்து, அதைப் பற்றி எழுதவும் செய்தார். ஆனால் ஜகார்த்தாவின் வெயில் வேறு, ஹட்டனின் வெயில் வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நாட்கணக்காகச் சூரியனைக் காணாத ஊர் அது. மேகம் விலகும் வேளையில் உச்சி வெயில் திடீரென்று சுள்ளென்று அடிக்கும். எனவே மின்விளக்கைத் தவிர வேறு வழியில்லை.

இனி விளக்கின் நிறத்துக்கு வருவோம். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. பக்கங்களைக் கையால் ஒட்டிய காலத்தில் கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப் லைட் எரியும். அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த வண்ணப்படம், ஜன்னலோரம் கொண்டுபோனால் வேறு நிறமாகத் தெரியும். அட்டைப்பட நடிகையின் சேலை பச்சையா நீலமா என்று அச்சுப் பகுதிக்கும் ஆசிரியர் பகுதிக்கும் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் உலக அச்சுத் தொழில், வண்ணம் பார்ப்பதற்கு 5000 கெல்வின் வெளிச்சம் என்று ஓர் அளவை வைத்துக்கொண்டது. கெல்வின் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். வீட்டில் மஞ்சளாக எரிவது 2700, 'டேலைட்' என்று கடையில் விற்பது 6500. கடல்தொட்டிக்கென்றே செய்யப்படும் குழல்கள் 10,000, 14,000, 20,000 என்று ஏறிக்கொண்டே போகும். இவை தவிர, 420 நானோமீற்றர் அலைநீளத்தைச் சுற்றி ஊதா நீலமாக எரியும் 'அக்டினிக்' குழல்களும் உண்டு.

இந்த நீல மோகத்துக்குக் காரணம் கடல்தான். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை முதல் சில மீற்றர்களிலேயே விழுங்கிவிடுகிறது. பச்சை இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஆழம் வரை இறங்குவது நீலம். முருகைக்குள் இருக்கும் பாசியும் பல்லாயிரம் தலைமுறைகளாக அந்த நீலத்தை உண்ணப் பழகியிருக்கிறது. கெல்வின் எண் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத்தான் சொல்லுமே தவிர, பாசிக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்பதைச் சொல்லாது. லக்ஸ் மானியும் இங்கே அவ்வளவாக உதவாது. அது மனிதக் கண்ணின் ருசிக்கேற்பப் பச்சைக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் கருவி. நீலத்தைக் குறைத்தே மதிப்பிடும். ஆகவே பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம் என்று மருமகனுக்கு எழுதினேன்.

அடுத்தது குழலின் தடிமன். டி12, டி8, டி5 என்பவற்றில் வரும் எண்கள், குழலின் விட்டத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளில் சொல்பவை. நம் வீடுகளில் எரிந்த தடித்த குழல் டி12, அதாவது 38 மில்லிமீற்றர். டி8 என்பது 26. டி5 என்பது வெறும் 16. நான்கு அடி டி8 குழல் 36 வாட் என்றால், ஏறக்குறைய அதே நீளமுள்ள உயர்வெளிச்ச டி5 குழல் 54 வாட். மெல்லிய குழலுக்குப் பின்னால் வளைந்த ஒளித்தகடு பொருத்தினால், வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பிவிடலாம். மின்னணு சோக் என்பதால் மினுக்கலும் இல்லை. கேலிப் பேச்சுக்கு ஆளாகாத டியூப் லைட்!

இந்த டி5 குழலுக்கு மலைநாட்டில் மட்டும் தலைகாட்டும் ஒரு குணம் உண்டு. டி8 குழல் தன் முழு வெளிச்சத்தைத் தருவது சுற்றியுள்ள காற்று 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது. டி5 குழலுக்கோ அது 35 பாகை. கொழும்பில் தொட்டி வைப்பவருக்கு விளக்கின் சூடு எதிரி. விசிறி போட்டு, குளிர்விக்கும் இயந்திரம் வாங்கி அலைவார். ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டிய நுவரெலியாவிலோ, ஹட்டனிலோ குழலைத் திறந்தபடி தொங்கவிட்டால் அது குளிரில் விறைத்து மங்கலாக எரியும். எனவே சட்டகத்தின் கீழ்ப்பக்கத்தை ஒளிபுகும் தகட்டால் மூடிவிட வேண்டும். அதற்குள் தேங்கும் சூட்டிலேயே குழல் பிரகாசமடையும். உப்புத் தண்ணீர் தெறிப்பதும் தடைப்படும். முருகைகளுக்கு 24 முதல் 27 பாகை வரையிலான தண்ணீர் தேவை என்பதால் அங்கே சூடேற்றியும் வேண்டும். விளக்கிலிருந்து கசியும் சூடு அதன் வேலையைப் பகலில் சற்றுக் குறைக்கும்.

கூடுதல் வெளிச்சம் நல்லது என்று நினைப்பதும் தவறு. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்துச் செடிக்கு மேலே நிழல் மரங்களை எதற்காக வைக்கிறார்கள்? அளவு மீறிய வெயில் இலைக்கு ஆகாது என்பதற்காக. முருகையும் அப்படித்தான். திடீரென்று கடும் வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் பாசி நோயுற்று, முருகை அதை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். கடலில் சூடு கூடும்போதும் இதுவே நடக்கிறது. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பகுதியிலும் முருகைகள் வெளிறி மடிந்தன. பார் ரீஃப் பல ஆண்டுகளில் ஓரளவு தேறிவந்த நிலையில் 2016இல் மீண்டும் அடி விழுந்தது. ஆகவே புதிய குழல் போட்டதும் முதல் வாரங்களில் நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலம் மட்டும் எரித்து, பிறகு மெல்ல எட்டு மணித்தியாலமாக்க வேண்டும்.

இப்போது பணக்கணக்கு. நான்கு குழல்களும் எரிந்தால் 216 வாட். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் மாதம் ஏறத்தாழ 52 அலகு. வீட்டு மின்பட்டியலில் முதல் படி 30 அலகு, இரண்டாவது 60. வீட்டில் ஒரு பல்பும் எரியாமலே விளக்குச் சட்டகம் மட்டும் இரண்டாவது படியை ஏறக்குறைய நிரப்பிவிடும். சூடேற்றி, தண்ணீர் பம்பிகளின் கணக்கு தனி. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படி ஏறியது என்பதை மறந்தவர் எவருமிலர்.

மின்சாரம் என்று சொல்லும்போது எங்கள் மலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எழுதிய அறிக்கையிலிருந்து கருக்கொண்டு, பலகாலம் தடைப்பட்டு, 1950இல் இயங்கத் தொடங்கியது லக்சபான. பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போயிற்று. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரிவதைப் பார்க்க இன்றும் சனம் கூடுகிறது. அந்தத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் கொழும்பின் கடைத்தெருக்களை ஒளிமயமாக்கியது. அதே மலைகளின் லயங்கள் பலவற்றில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குத்தான். நானும் அந்த மண்ணெண்ணெய்ப் புகையில்தான் படித்தேன். பின்னர் மின்சாரம் வந்த லயங்களிலும் ஒரே கூரையின் கீழுள்ள பல காம்பராக்களுக்குப் பழுதான வயர்கள் ஓடுவதும், ஒழுக்கு ஏற்பட்டு வரிசையே தீப்பற்றுவதும் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே மருமகனுக்கு நான் இட்ட கண்டிப்பான நிபந்தனை ஒன்று: உப்புத் தண்ணீரும் 230 வோல்ட்டும் அருகருகே இருக்கும் இடம் இது, ட்ரிப் சுவிட்ச் இல்லாமல், வயரிங் தெரிந்த ஒருவர் பார்த்துச் சரியென்று சொல்லாமல், தொட்டிக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கை நீட்டும் இடமல்லவா?

மின்வெட்டும் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டபோது, பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்றார் அமைச்சர். விளக்கில்லாமல் முருகை ஓரிரு நாள் தாங்கும். தண்ணீர் ஓட்டமில்லாமல் சில மணித்தியாலங்களே தாங்கும். மேலே போகப் போகத் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைவு. எனவே குழலுக்குச் செலவழிக்கும் முன் பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை வாங்கச் சொன்னேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, முருகை எங்கிருந்து வரும் என்பது. கல் முருகைகள் நமது வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சர்வதேச வர்த்தகத்திலும் அவை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாவது பட்டியலில் உள்ளன. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்பாகச் சுட்டுத் தள்ளினோம்; 2004 சுனாமி, முருகைப்பாறை அகற்றப்பட்டிருந்த இடங்களில் கூடுதலாக உள்ளே புகுந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். நிலாவெளிப் புறாத்தீவிலிருந்து ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்டினால், அவர்கள் கற்றுக்கொள்வது முருகையைப் பற்றியாக இருக்காது. முறையான ஆவணம் காட்டும் விற்பனையாளரிடம் மட்டும், அதுவும் தொட்டியில் வெட்டி வளர்க்கப்பட்ட தோல்முருகை, காளான்முருகை போன்ற மென்வகைகளை வாங்கச் சொன்னேன். அவற்றுக்குக் குறைந்த வெளிச்சமே போதும். அதனால் விளக்குக் கணக்கும் இறங்குகிறது.

கடைசியாக, இந்த யுகத்தில் டியூப் லைட் வாங்கலாமா? குழலுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மினமாட்டா விரிகுடாவைப் பாதரசம் நஞ்சாக்கிய கதையிலிருந்து பெயர்பெற்ற உடன்படிக்கையின்படி, பொதுப் பாவனைக்கான நீள்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென 2023இல் நாடுகள் இணங்கின. மீன்தொட்டிக்கான விசேட குழல்கள் நேரடியாக அந்தப் பட்டியலில் வராவிட்டாலும், பெரிய உற்பத்தி நின்றால் சிறியதும் நின்றுவிடும். மேலும் இக்குழல்களின் நீலம் மங்குவதால் ஆண்டுக்கொரு தடவையேனும் மாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் எல்ஈடி வாங்குங்கள் என்றே சொல்வேன். இவனிடம் சட்டகம் சும்மா கிடைத்திருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தில் நல்ல எல்ஈடி இப்போதைக்கு எட்டாது.

ஆகவே எங்கள் தீர்மானம் இது: நான்கில் இரண்டு குழல்கள் மட்டும். ஒன்று 10,000 கெல்வின் வெள்ளை, மற்றொன்று அக்டினிக் நீலம். மொத்தம் 108 வாட். மாதம் 26 அலகு. மற்ற இரண்டு இடங்களும் வெறுமையாக இருக்கட்டும். குழல்கள் தேய்ந்ததும் உடைக்காமல் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும். அதற்குள் எல்ஈடிக்குப் பணம் சேர்க்க வேண்டும். "நீலக் குழலை மாலையில் தனியாக எரிக்கலாமா மாமா? பிள்ளைகள் வகுப்புக்கு வருவது அப்போதுதான்" என்று கேட்டான். எரிக்கலாம். அந்த வெளிச்சத்தில் சில முருகைகள் தாமாகவே பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் ஒளிரும். கல் என்று நினைத்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது.

தொட்டியில் இப்போது உப்புத் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் கடல்தொட்டி வைத்த அனுபவமுள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள், மருமகனிடம் சேர்ப்பித்துவிடுகிறேன்.