முப்பத்தெட்டு

மாரடைப்பு வந்த பதினெட்டாம் நாள் அண்ணன் மறுபடியும் அயர்ன் டேபிள் முன் நின்றார், ஒன்றரை ஷிப்ட். "வலிதான் போயிருச்சுங்களே தம்பி, அப்புறம் என்னங்க?" என்றார். எங்களிடமும் பதில் இல்லை. மாரடைப்பில் பிழைத்தால் ஆபத்து முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

மூன்று மாதத்தில் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் இதைப் படித்தோம்.

முதல் நாள் ரத்தத்தில் பார்த்தது ட்ரோபோனின். இதயத் தசை சாகும்போது கசியும் புரதம் அது. இப்போது பார்த்தது என்டி-ப்ரோ பிஎன்பி. இதயச் சுவர் பாரம் தாங்காமல் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் புரதத் துண்டு. செத்த தசை திரும்ப வளராது. அந்த இடம் தழும்பாகி மெலிகிறது. மீதித் தசை அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறது. மாதக்கணக்கில் இடது கீழறை விரிந்து உருண்டையாகிறது. வலியே இல்லாமல் இது நடக்கிறது. எக்கோவில் அண்ணனுக்கு 38 சதவீதம். அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்வளவுதான் வெளியே போகிறது. நல்ல இதயத்துக்கு 55 இருக்கும்.

இந்த விரிவை மருந்தால் பெருமளவு தடுக்கலாம். மாரடைப்புக்குப் பின் கேப்டோப்ரில் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்களிடம் சாவு குறைந்ததை 1992ல் வெளியான சேவ் ஆய்வு காட்டியது. அந்த வகை மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகும். அண்ணன் நிறுத்திவிட்டார்.

அந்தக் கூலிக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. இருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. மாரடைப்புக்குப் பின் எக்கோ எண் 45க்குக் கீழே இறங்கினால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்து சந்தா கட்டியவருக்கு, 80 சதவீதக் கூலியோடு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு.

அண்ணனின் எண் 38. வேலையில் பதினோரு வருடம். ஆனால் காண்ட்ராக்டர் ஆள், பீஸ் ரேட். கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. எங்கள் காலனியில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் சந்தா கட்டும் பொறுப்பு கம்பெனி முதலாளிக்கு உண்டு என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இ.எஸ்.ஐ.க்கு அடித்தளமிட்ட அடார்கர் அறிக்கை 1944ல் வந்தபோது, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை பாபாசாகேப்பின் கையில் இருந்தது. அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அவர் காலத்தில் விதைத்ததைக் கேட்டு வாங்காமல் இருக்கிறோம்.

தோழர்களே, அடுத்த ஞாயிறு காலனிக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா? நெஞ்சு வலி வந்தவர் மறுபடி எக்கோ எடுத்தாரா?

அண்ணனிடம் நாங்கள் கேட்கத் தாமதித்துவிட்டோம்.