நெய்யரிக்கு ஒரு பரிந்துரை

சிங்கப்பூரில் டோபி காட் என்னும் பெயரை நாள்தோறும் சொல்வோர் பலர். அதன் பொருளை எண்ணுவோர் சிலர். டோபி என்பது சலவைத் தொழிலாளியைக் குறிக்கும். காட் என்பது படித்துறை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கு ஓடிய பிராஸ் பசா ஓடையில் துணி வெளுத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்தினர். பக்கத்திலுள்ள ஃபோர்ட் கேனிங் குன்றின் ஊற்று, துறைமுகத்தின் தொடக்க நாட்களில் கப்பல்களுக்குக் குடிநீர் தந்தது. இன்று ஊற்று இல்லை. ஓடையும் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் என்னும் பெயரோடு கற்காரைக்குள் ஒடுங்கிவிட்டது. படித்துறை இருந்த இடத்தின் அடியில் மூன்று பெருவிரைவு ரயில் தடங்கள் சந்திக்கின்றன.

நீரின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்விடத்திலிருந்து சிலிகி சாலைப் பக்கம் சிறிது தூரம் நடந்தால், ஒரு கடைவீட்டின் மாடியில் முன்பு ஓர் அலுவலகம் இருந்தது. 1980-களில் நான் அங்கே படவரைவாளனாகப் பணியாற்றினேன். ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கும் உலோக வடிகட்டிக் குழாய்களுக்கு வரைபடம் தீட்டுவது என் வேலை. நீர்த்தேக்கங்களையும் ஜொகூர் நீரையும் நம்பி வாழ்ந்த நகரில், கிணற்றையே காணாமல் கிணற்றுக்கு உறுப்பு வரைந்தோம். வேலை கேட்டவர்கள் வெளிநாட்டினர். அவர்கள் அனுப்பிய மணல், துணிப்பைகளில் எங்கள் மேசைக்கு வரும்.

மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கினார் வள்ளுவர். தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்பது உண்மை. ஆனால் தோண்டத் தோண்ட மணலும் சரியும் என்பது கிணறு வெட்டுவோர் அறிந்த மற்றோர் உண்மை. அதனால்தான் நம் முன்னோர் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைக்கிணறு கண்டனர். பட்டினப்பாலை அதனைக் குறிப்பிடுகிறது. கீழடி அகழாய்விலும் அது வெளிப்பட்டது. காவிரிப் படுகையின் மணற்பாங்கான நிலங்களில் உழவர்கள் இறக்கும் வடிமுனைக் குழாயும் அதே சிக்கலுக்குக் காணப்பட்ட விடையே. நீர் வரவேண்டும், மணல் வரலாகாது. உலோக வடிகட்டியின் வேலை இதுதான் என்று எவரும் எண்ணுவர். நானும் வேலையில் சேர்ந்த முதல் வாரம் வரை அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மணலை முதலில் உலர்த்துவோம். பின்னர், கண்கள் படிப்படியாகச் சிறுக்கும் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலே மணலைக் கொட்டிக் குலுக்குவோம். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை நிறுத்து, வரைதாளில் ஒரு வளைகோடு இடுவோம். அந்தக் கோட்டைப் பார்த்தே குழாயின் பிளவு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்வோம். இங்கேதான் வியப்பு. எல்லா மணலையும் தடுக்கும் அளவுக்குப் பிளவு குறுகியிருந்தால் அது நல்ல வடிகட்டியன்று. இயற்கை மணலிலேயே அமையும் கிணற்றுக்கு, ஏறத்தாழப் பாதி மணலை உள்ளே விட்டு, மீதிப் பாதியை வெளியே நிறுத்தும் பிளவே ஏற்றது.

ஏன் பாதியை விடவேண்டும்? கிணறு தோண்டி முடிந்ததும், குழாய்க்குள் ஓர் உந்துவட்டை இறக்கி மேலும் கீழுமாக இயக்குவர். நீர் வெளியே தள்ளப்படும். மீண்டும் உள்ளே இழுக்கப்படும். குழாயைச் சூழ்ந்துள்ள நுண்மணல் பிளவு வழியே உள்ளே வர, அதனை அள்ளி வெளியேற்றுவர். நுழைய முடியாத பருமணல் குழாயின் புறத்தே தங்கி ஒரு போர்வையாகும். அப்போர்வை தனக்குப் பின்னாலுள்ள சற்றே சிறிய மணலைத் தடுக்கும். அது தனக்கும் பின்னாலுள்ள மேலும் சிறிய மணலைத் தடுக்கும். முதலில் கலங்கி வந்த நீர் மெல்லத் தெளியும். ஆகவே கிணற்றின் உண்மையான வடிகட்டி உலோகமன்று; உலோகத்தால் உள்ளே விடப்படாத அந்தக் கரட்டு மணலே.

நீரை ஒரே திசையில் இறைத்துக்கொண்டே இருந்தால் இது நிகழாது. மணற்துகள்கள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துப் பிளவின் வாயில் சிறு வளைவுகளாக நின்றுவிடும். கிணறு தெளிந்ததுபோல் தோன்றும். பின்னொரு நாள் எந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது அவ்வளைவுகள் குலைந்து மணல் பாயும். போவதும் வருவதுமான ஓட்டமே அவற்றைக் கலைத்து மணலை நிலையாக அமர்த்தும்.

பிளவின் வடிவமும் கருதத்தக்கது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜான்சன், செங்குத்துக் கம்பிகளின்மேல் ஒரு கம்பியைத் திருகுபோல் இடைவிடாது சுற்றி வடிகட்டி செய்யும் முறையை உருவாக்கினார். அவ்வகையில் சுற்றப்படும் கம்பியின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவினது. அதனால் பிளவு வெளிவாயில் குறுகியும் உட்புறம் அகன்றும் இருக்கும். வாயைக் கடந்த துகள் இடையில் சிக்காது. துளையிட்ட இரும்புக் குழாயின்மேல் பித்தளை வலை சுற்றும் பழைய முறையிலோ, துகள்கள் வலைக்கண்ணில் சிக்கி அடைத்துக்கொள்ளும்; இரும்பும் பித்தளையும் நீரில் அடுத்தடுத்திருப்பதால் இரும்பு விரைந்து அரிக்கப்படும்.

கணக்கும் ஒன்று சொல்லலாம். பிளவில் நுழையும் நீரின் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கு மிகாமல் வடிவமைப்பது எங்கள் வழக்கம். நொடிக்கு 10 லிட்டர் வேண்டுமாயின் சுமார் 3,300 சதுர சென்டிமீட்டர் திறப்பு தேவை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 2 மில்லிமீட்டர் கம்பியும் அரை மில்லிமீட்டர் பிளவும் மாறி மாறி வந்தால், பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு திறந்திருக்கும். மூன்றரை மீட்டர் நீளம் போதும். இருபதில் ஒரு பங்கே திறந்த குழாயாயின் 14 மீட்டர் வேண்டும்.

இவற்றையெல்லாம் வரைந்துகொண்டிருந்த நாட்களில் என் மனத்தில் இடையறாது உறுத்திய சொல் ஒன்று உண்டு. அது நெய்யரி. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. நெய்யரி என்பது நெய்யை வடிக்கும் பன்னாடை. நல்ல நெய்யை ஒழுகவிட்டு, கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதால் அதற்கு இந்த இழிவு. இன்றும் பன்னாடை என்பது வசைச்சொல்லாகவே வழங்குகிறது. ஊரில் என் தம்பியை ஆசிரியர் ஒருவர் வகுப்பு முன்னிலையில் அவ்வாறு அழைத்தார். அவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டான்.

பவணந்தியாரோடு வழக்காட எனக்குத் தகுதியில்லை. ஆயினும் நெய்யரிக்காக ஒன்று கேட்கலாம் அன்றோ? நெய்யரியின் கீழே ஒரு பாத்திரம் இருக்கிறது. அதில் விழுவது தூய நெய். மேலே நின்று நோக்குவோர் கசடை மட்டும் காண்கின்றனர். கீழே நின்று நோக்குவோர் நெய்யைக் காண்கின்றனர். கிணற்று வடிகட்டியோ ஒருபடி மேலே சென்று, தங்கிநின்ற கரட்டு மணலுக்கும் வேலை உண்டு என்று காட்டுகிறது.

வார இறுதிகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்தேன். அவர்களுள் ஒரு மாணவி, சொன்னதைத் திரும்பச் சொல்லமாட்டாள். தேர்வில் எப்போதும் கடைசி. ஆனால் மூன்று வாரங்களுக்கு முன் நடத்திய பாடத்தில் எவருக்கும் விளங்காத ஓரிடத்தைக் குறித்து, அது ஏன் அப்படி என்று கேட்பாள். எளியவை எல்லாம் அவளிடமிருந்து ஒழுகிவிட்டன, அரியவை தங்கின. அவள் கேள்வியால் மற்ற மாணவர்க்கும் பாடம் தெளிந்தது. அதன்பின் நான் மட்டும் பேசும் முறையை விட்டு, அவர்களைக் கேட்கவும் மறுக்கவும் பழக்கினேன். ஒரே திசையில் இறைத்த கிணறு பின்னர் மணல் கக்கும் என்பதை வரைபலகை எனக்குக் கற்பித்திருந்தது. சக மாணவரோடு பயில்வதாலும் பிறர்க்கு எடுத்துரைப்பதாலும் கல்வி நிரம்பும் என்று சொன்னதும் அதே நன்னூல்தான்.

சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என மாணவரைப் பிரித்த முறை நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலவியது. 2024-ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதல் அப்பெயர்கள் நீங்கின. இப்போது பாடந்தோறும் அவரவர் திறனுக்கேற்ற நிலையில் பயில்கின்றனர். சல்லடையின் பெயர் மாறியது நன்று. ஆனால் சல்லடை வகுப்பறையில் மட்டும் இல்லை. ஆசிரியர் நாவிலும் பெற்றோர் பார்வையிலும் இருக்கிறது. பிளவை எவ்வளவு அகலம் வைப்பது என்று மணலைப் பாராமல் முடிவுசெய்த வடிவமைப்பாளரை நான் கண்டதில்லை. முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பாராமல் அளவை முடிவுசெய்வது மட்டும் எங்ஙனம் தகும்? ஒரு மாணவனை நெய்யரி என்று சொல்ல நாவெழும்போது, அவனுக்குக் கீழே எந்தப் பாத்திரம் நிறைகிறது என்பதை ஒருமுறை குனிந்து நோக்குவோமாக.