வினையும் ஊழும்

தமிழில் ‘வினை’ என்னும் சொல் தொழிலையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். வேலையை இழந்தவர் இவ்விரு பொருளையும் ஒன்றெனக் கொண்டு, தொழில் போனதும் வாழ்வே முடிந்ததென எண்ணித் துவண்டு போகிறார். அவ்வெண்ணத்தினின்று மனத்தைக் காப்பது எவ்வாறு என்பதே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

1990 ஆகஸ்டு 2இல் ஈராக் படை குவைத்தினுள் புகுந்தது. அங்கிருந்த இந்தியருள் ஏறத்தாழ 1,70,000 பேர், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக, விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் என் வாப்பாவும் ஒருவர். அப்போது எனக்குப் பத்து வயது. உயிரோடு திரும்பினாரே என்று வீடு மகிழ்ந்தது. ஆயினும், நாள் செல்லச் செல்ல வாப்பா பகலில் தெருவில் இறங்குவதையே தவிர்த்தார். ‘அடுத்த சபுர் எப்போது?’ என்று காண்போர் அன்போடுதான் கேட்டனர்; அக்கேள்வியே அவருக்கு முள்ளாயிற்று. இரவில் உறக்கமில்லை, காலையில் எழ மனமில்லை. உம்மா சற்றும் கடிந்து பேசாமல், கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் செய்தார். எழுதியபின், அஞ்சிய அளவு கடன் பெரிதன்று எனத் தெரிந்தது. பின்னர் நண்பர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வாப்பா கணக்கெழுதச் சென்றார். ஊதியம் சொற்பமே, எனினும் காலை எட்டு மணிக்குச் சட்டை மாற்றிப் புறப்படும் வழக்கம் மீண்டது. அதன்பின்னரே உறக்கமும் மீண்டது.

இதன் காரணத்தை, மாரியன்தால் ஆய்வைப் பற்றிப் படித்தபோது உணர்ந்தேன். ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூராகிய அங்குத் துணி ஆலை மூடப்பட்டபின், மரீ யஹோடா முதலியோர் ஊர் மக்களின் நிலையை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். ஓய்வு மிகுந்திருந்தும், கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், நூலகத்தில் நூல் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. வேலை கூலியோடு, நாளுக்கோர் ஒழுங்கு, பலரோடு பழக்கம், பொது நோக்கம், சமூகத்தில் ஓரிடம், இடைவிடாத இயக்கம் ஆகியவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார்.

ஆகவே, வேலை இழந்தவர் இவற்றை வேறு வழியில் தேடிக்கொள்ளல் வேண்டும். துயிலெழும் நேரத்தை மாற்றலாகாது. நாளும் ஒருமுறையேனும் வெளியே சென்று ஒருவரோடு உரையாடுதல் நன்று. வேலை தேடுவதற்கு நேரம் வரையறுத்து, எஞ்சிய பொழுதைப் பிறர்க்குப் பயன்படும் பணியில் செலவிடலாம். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. 2022இல் நடுவணரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘வேலை கிடைத்ததா?’ என வினவுவதினும், ‘இப்பணியில் எனக்குத் துணை செய்வீரா?’ என அழைப்பது மேல்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஏற்கும் பணி என்றேனும் கைவிட்டுப் போகலாம். அன்றும் நீங்கள் ஒருவர்க்கு மகனாக, மகளாக, நண்பராக, அண்டை வீட்டாராக இருப்பீர்கள். அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பகிர்ந்த சுமை தாங்கத்தக்கதே.